ஜன்னலுக்கு வந்த பாட்டில்கள்

ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அகராதி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். உங்களுக்கு அங்கே சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக இருக்கிறதா?

இருபது நாள் கழித்துத்தான் கடிதம் எழுதலாம் என்று அந்த இல்லத்தில் சொன்னார்களாம். நான் நாட்காட்டியில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். இன்று இருபத்தொன்று.

கீழ் வீட்டு அக்கா படியில் என்னை நிறுத்தி, "என்னடி, உங்க மாமா ஆளையே காணோம்?" என்று கேட்டார். ஓய்வுக்குப் போயிருக்கிறார் என்று அம்மா சொல்லிக் கொடுத்தபடியே சொன்னேன். "ஓய்வா! நமக்கெல்லாம் யாரு குடுக்கிறா?" என்று அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நல்லவேளை, வேறு எதுவும் கேட்கவில்லை.

நாலு மணிதான் கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் மருந்துக் கடையிலிருந்து டீ குடிக்க வரும் நேரம். இப்போது நானே பூட்டைத் திறக்கிறேன். அது உங்களுக்கு மட்டும் சட்டென்று திறக்கும். என்னிடம் மூன்று தடவை அடம் பிடிக்கிறது. அம்மாவுக்கு ஆலையில் ஷிப்ட் முடிய ஆறு ஆகிறது. அதுவரை நானும் என் அகராதிப் புத்தகமும்தான்.

நம் விளையாட்டை மறக்கவில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் ஒன்று என் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. நீங்கள் ஏதாவது ஒரு வரியை வாசிக்க, நான் ஒரு நிமிடத்துக்குள் பொருள் கண்டுபிடிக்க வேண்டுமே, அந்தத் தாள். இத்துடன் வைத்திருக்கிறேன். கடினமான மூன்று சொற்களை அடிக்கோடிட்டு அனுப்புங்கள்.

அம்மா உங்களை நலம் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
அகராதி


ஜூன் 27

அன்புள்ள அகராதிக்கு,

மாமா நலம். நீ நலமாக இருப்பாய், உனக்கென்ன குறை.

நீ அனுப்பிய தாள் என் கைக்கு வரவில்லை. கடிதங்களை அலுவலகத்தில் பிரித்துப் பார்த்துத்தான் தருவார்கள். மருந்துப் பெயர் அச்சடித்த எதுவும் உள்ளே வரக்கூடாதாம். காகிதத்தையா கரைத்துக் குடிக்கப்போகிறேன்?

ஓர் அறையில் ஆறு கட்டில். என் கட்டில் கதவுக்குப் பக்கத்தில். இந்தப் பக்கம் ஒரு லாரி டிரைவர், அந்தப் பக்கம் ஒரு பல் டாக்டர். காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். ஒவ்வொருவராக எழுந்து, 'நான் ஒரு அடிக்ட்' என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் கைதட்டுவார்கள். நான் சொல்லவில்லை. நான் என்ன குடிகாரனா? இருமலுக்கு மருந்து குடித்தேன். அதற்கு இவ்வளவு கூட்டமா?

யார் செய்த வேலை இது என்று எனக்குத் தெரியும். என் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை உன் அம்மாதான் கிளறியிருக்கிறாள். நேராகக் கடை முதலாளியிடம் போய் நின்றிருக்கிறாள். கூடப் பிறந்தவள் செய்கிற காரியமா? அன்றைக்கு நான் கத்தினபோது, "ஆமாடா, நான்தான் பார்த்தேன்" என்று அவளே சொன்னாள்.

நவம்பரில் விட்டுவிடுவார்கள். அந்த வீட்டுக்கு நான் வரப்போவதில்லை. என் பழைய கூட்டாளி ஒருவன் மருந்துக் கிடங்கில் மேற்பார்வை பார்க்கிறான். அங்கேயே வேலை, அங்கேயே தங்கல் என்கிறான். உனக்கு மட்டும் சொல்கிறேன்.

நன்றாகப் படி.

உன் மாமா


ஜூலை 3

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நானும் அம்மாவும் சௌக்கியம். அந்தக் கட்டிலில் காற்று வருகிறதா?

கிடங்கு வேலைக்குப் போகாதீர்கள் மாமா. மருந்துக்கு நடுவிலேயே மறுபடியும் எதற்கு? கோபப்படாதீர்கள். எனக்குத் தோன்றியதை எழுதினேன்.

நீங்கள் எழுதியிருந்த அந்த 'அடிக்ட்' என்ற சொல்லைப் பற்றி நிறைய யோசித்தேன். என் வகுப்பில் தினமும் யாராவது அதைச் சொல்கிறார்கள். எனக்கு முன்னால் உட்காரும் உயரமான பெண் சாக்லேட் அடிக்ட்டாம். அவள் தோழி ஒரு பாட்டுக்கு அடிக்ட்டாம். இருவரும் சிரித்துக்கொண்டே, கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொல்கிறார்கள். அகராதியைப் பார்த்தேன். அதில் யாரும் சிரிக்கவில்லை. விட நினைத்தும் விட முடியாமல் இருப்பவர் என்று போட்டிருக்கிறது. சாக்லேட் தீர்ந்தால் அவள் அழுவதில்லை. பக்கத்துப் பெண்ணின் டப்பாவைத் திறக்கிறாள், அவ்வளவுதான்.

அதற்கு எத்தனையோ பக்கம் தள்ளி என்தூசியாஸ்ட் இருக்கிறது. ஆர்வலர். அந்த ஆளும் ஒன்றையே நாள் முழுதும் நினைக்கிறார். ஆனால் அவருக்கு எல்லோரும் மரியாதை கொடுக்கிறார்கள். தபால்தலை சேர்த்தால் ஆர்வலர். பறவை பார்த்தால் ஆர்வலர். எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று அகராதியில் இல்லை.

உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

அம்மா கேட்டதாகச் சொன்னாள்.

அன்புடன்,
அகராதி


ஜூலை 30

அகராதிக்கு,

உடம்பு பரவாயில்லை. முதல் மாதம் கை நடுங்கியது, எழுத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். இப்போது நேராக எழுதுகிறேன் பார்.

உன் கேள்வியை அறையில் கேட்டேன். டிரைவர் சொன்னது: "பொண்டாட்டி திட்டுனா அடிக்ட், பொண்டாட்டியும் கூட உக்காந்தா ஆர்வலர்." பல் டாக்டர் சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழப்போனார். இங்கே சிரிப்பதற்கு அதிகம் இல்லை. அதனால் உனக்கு நன்றி.

ஒன்று சொல்கிறேன். 'அம்மா கேட்டதாகச் சொன்னாள்' என்று இனிமேல் எழுதாதே. அவள் கேட்டிருக்கமாட்டாள். இரண்டு மாதமாக ஒரு வரி போடாதவள் எங்கே கேட்டாள்?

மாமா


ஆகஸ்ட் 5

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் கை நடுக்கம் நின்றதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். எழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், ஆனால் கேட்கவில்லை.

இந்த வாரம் முழுவதும் மழை. நாலு மணிக்கு வந்ததும் எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறேன். அம்மா வந்து ஒவ்வொன்றாக அணைக்கிறாள். திட்டுவதில்லை. முன்பெல்லாம் திட்டுவாள். வீட்டில் படிக்க மருந்துத் தாள் இல்லாததால் சோப்பு உறை, நூல்கண்டு அட்டை, தீப்பெட்டி எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டேன். நேற்று பூட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். ஒரு எண் மட்டும்தான் இருந்தது.

ஜன்னலில் இருந்த என் கொடிகளை அம்மா ஒரு மண்தொட்டிக்கு மாற்றிவிட்டாள். அவை வளர்ந்த பழுப்பு மருந்து பாட்டில் பதினொன்றையும் கோணியில் கட்டி எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டாள். ஜன்னல் வெறுமையாக இருக்கிறது. வெயில் வந்தால் சுவரில் விழுமே தேன் நிறம், அதுவும் இல்லை.

மாமா, உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தில் இடம் போதாது. அடுத்ததில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அகராதி


ஆகஸ்ட் 19

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. சும்மா எழுதுகிறேன்.

போன தடவை சொல்ல வேண்டும் என்றேனே, அது ஒன்றுமில்லை. எனக்குப் புதுச் செருப்பு வாங்கினோம். அதைத்தான் சொல்ல நினைத்தேன். பழுப்பு நிறம். கொஞ்சம் கடிக்கிறது.

அன்புடன்,
அகராதி


செப்டம்பர் 10

அன்புள்ள அகராதிக்கு,

மாமா சுகம். செருப்பு கடிக்கிற இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவு.

விஷயத்துக்கு வருகிறேன். கிடங்கு வேலை முடிவாகிவிட்டது. நவம்பர் இருபதாம் தேதி என்னை விடுகிறார்கள். அன்றைக்கே அங்கே சேர்ந்துவிடுவேன். கூட்டாளி நான் சேர்ந்த முதல் வாரத்தில் வேன் எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் வருவான். நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், உன் அம்மா இருக்கமாட்டாள். என் பெட்டி, சட்டைகள், ரேடியோ, எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடு. அவளிடம் முன்கூட்டிச் சொல்லாதே.

உன்னைப் பார்க்கப் பள்ளிக்கூட வாசலுக்கு எப்போதாவது வருவேன். அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன். காட்டிக் கொடுத்தவள் கையால் ஒரு வாய் டீகூட எனக்கு இறங்காது.

இங்கே இன்னும் வட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை. ஆலோசகர் ஐயா தினமும், "இன்னைக்காவது பேசுறீங்களா?" என்கிறார். தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். நாலு மாதம் தலையாட்டியே தள்ளிவிட்டேன். இன்னும் இரண்டு மாதம்தானே.

உன் மாமா


செப்டம்பர் 14

அன்புள்ள மாமாவுக்கு,

இன்று நலம் விசாரிக்காமலே எழுதுகிறேன். முதலில் சொல்லிவிட்டால்தான் முடியும்.

உங்கள் பெட்டியை அம்மா திறக்கவில்லை. உங்களைக் காட்டிக் கொடுத்தது நான்.

மே மாதம் விடுமுறைச் சிறப்பு வகுப்பில் ஆங்கில டீச்சர் எட்டுச் சொற்கள் கொடுத்தார். எல்லாம் ஒன்றை மிகவும் விரும்புகிறவர்களுக்கான சொற்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டில் இருக்கும் ஒருவரைப் பற்றி உண்மையான வாக்கியம் எழுதுங்கள் என்றார். மற்றவர்கள் வீட்டில் நிறைய பேர். அப்பா போனபிறகு நம் வீட்டில் எனக்கு இருப்பது நீங்கள் இரண்டு பேர்தான். அதனால் அம்மாவுக்கு நாலு, உங்களுக்கு நாலு என்று பிரித்துக்கொண்டேன். அம்மா ஒர்க்கஹாலிக், ஞாயிற்றுக்கிழமைகூட ஆலையில் பொத்தான் துளை போடும் காஜா மெஷினைப் பற்றியே பேசுகிறாள். நீங்கள் பழைய பாட்டுகளின் ஃபேன். என்தூசியாஸ்ட் என்ற சொல்லும் உங்கள் பங்கில் வந்தது. அதற்கு நான் எழுதியது இது:

'என் மாமா ஒரு இருமல் மருந்து ஆர்வலர். தினமும் இரண்டு பாட்டில் குடிக்கிறார். காலி பாட்டில்களில் நான் கொடி வளர்க்கிறேன்.'

எனக்கு அது நல்ல வாக்கியமாகப் பட்டது. அடிக்ட் என்ற சொல்லும் பட்டியலில் இருந்தது மாமா. அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் இதைத் தேர்ந்தெடுத்தேன். விடாமல் செய்கிறவர் மறைப்பார், ஆர்வலர் காட்டுவார் என்று நானே ஒரு விதி வைத்திருந்தேன். நீங்கள் பாட்டில்களைக் கழுவி என் கையில் கொடுத்தீர்கள். "இந்தா, உன் தோட்டத்துக்கு" என்றீர்கள். மறைக்காதவர் ஆர்வலர்தானே?

டீச்சர் அந்த வாக்கியத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, அம்மாவை அழைத்து வரச் சொன்னார். நான் பரிசு கொடுக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அம்மாவை நல்ல புடவை கட்டிக்கொண்டு வரச் சொன்னேன். அவளும் கட்டிக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகுதான் அம்மா கடைக்குப் போனாள். முதலாளி அலமாரியில் இருந்த பாட்டில்களை எண்ணிப் பார்த்தார், கணக்கில் குறைந்தது. அப்புறம்தான் உங்களை இல்லத்தில் சேர்த்தார்கள்.

உங்களிடம் சொல்லிவிடுகிறேன் என்று அன்றைக்கே அழுதேன். அம்மா விடவில்லை. "என்மேல கோவமா இருந்தா இருந்துட்டுப் போறான். உனக்காவது எழுதுவான்ல. அதையும் கெடுத்துடாதே" என்றாள். அதனால்தான் நான் சொல்லவில்லை. அதோடு, எனக்குப் பயமாகவும் இருந்தது. இரண்டாவதுதான் நிஜமான காரணம்.

அம்மா கேட்டதாக நான் எழுதியதெல்லாம் பொய். அவள் எதுவும் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடிதம் வந்தால் கை கழுவிவிட்டு வந்து உறையை மட்டும் வாங்கிப் பார்க்கிறாள். உள்ளே இருப்பதை நான் வாசித்துக் காட்டுவேன், அவளைத் திட்டின இடங்களை விட்டுவிட்டு. "இவ்வளவுதானா?" என்பாள். ஞாயிறு தவறாமல் உங்கள் சட்டைகளை இஸ்திரி போடுகிறாள். போன வாரம் போட்டதையே எடுத்து மறுபடியும் போடுகிறாள்.

டீச்சர் வட்டம் போட்ட தாளை இதில் வைத்திருக்கிறேன். அதில் மருந்துப் பெயர் இல்லை, அதனால் விடுவார்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் பெட்டியை நான் எடுத்துக் கொடுக்கமாட்டேன். வேன் வந்தால் கதவைத் திறக்கமாட்டேன்.

இனிமேல் எனக்கும் எழுதமாட்டீர்களா?

அகராதி


அக்டோபர் 6

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். மழை நின்றுவிட்டது. கடிதம் எழுத வேண்டாம். நலம் என்று ஒரு சொல் மட்டும் போட்டு அனுப்பினால் போதும்.

கடிதம் அனுப்பியதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. "சரி, போட்டாச்சுல்ல" என்று மட்டும் சொன்னாள். இப்போதெல்லாம் தபால்காரர் வரும் நேரத்தைக் கீழ் வீட்டு அக்காவிடம் விசாரிக்கிறாள்.

அகராதி


நவம்பர் 2

அன்புள்ள அகராதிக்கு,

நலம்.

ஒரு சொல் போதும் என்றாய். அதை எழுதவே எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. உன் கடிதம் செப்டம்பர் கடைசியிலேயே என் கைக்கு வந்துவிட்டது. தாளைத் தலையணை உறைக்குள் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். உன்மேல் கோபம்தான். இல்லை என்று சொன்னால் பொய். பதினாலு வயதுப் பிள்ளை சிவப்பு மையில் வாங்கிக்கொண்டு வந்த ஒரு வட்டத்துக்குள் நான் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்து நினைத்துக் கொதித்தேன். அன்றைக்கே அக்கா அந்தத் தாளை என்னிடம் காட்டியிருந்தால் நான் உன்னை அடித்திருப்பேன். அப்போது நான் இருந்த நிலை அப்படி. அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் "நான்தான் பார்த்தேன்" என்று முன்னால் வந்து நின்றிருக்கிறாள். இதைப் புரிந்துகொள்ளத்தான் இவ்வளவு நாள்.

நேற்று காலை வட்டத்தில் ஐயா வழக்கம்போல என்னைப் பார்த்தார்.

"இன்னைக்காவது பேசுறீங்களா?"

"எங்க அக்கா பொண்ணு ஒண்ணு எழுதியிருக்கு. படிக்கலாமா?"

"தாராளமா."

உன் வாக்கியத்தைத் தமிழில் வாசித்தேன். ஆர்வலர் என்றதும் பல் டாக்டர் கைதட்டிவிட்டார். "அடேயப்பா! நமக்கெல்லாம் இவ்வளவு கௌரவமான பேரா! நாளைக்கே என் போர்டுல எழுதிடுறேன்" என்றார். டிரைவர், "நமக்குச் சங்கம் ஒண்ணுதான் பாக்கி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு எல்லோரும் அடங்கிவிட்டார்கள். நான் மட்டும் நின்றுகொண்டே இருந்தேன்.

"அதுல தப்பு இருக்கு" என்றேன்.

"தெரியுதே, அந்தச் சொல்லுதானே" என்றார் டாக்டர்.

"அது சின்னப் பிள்ளை எழுதினது, போகட்டும். கணக்குதான் தப்பு. ரெண்டு இல்லை, நாலு."

அகராதி, நீ பார்த்தது ஜன்னலுக்கு வந்த பாட்டில்கள் மட்டும். உன் விதி சரிதான். இரண்டைக் கழுவி உன் கையில் கொடுத்தேன். இரண்டைச் செய்தித்தாளில் சுற்றி வழியில் எறிந்தேன். கொடுத்த இரண்டும்கூட மற்ற இரண்டை மறைக்கத்தான். உன் கொடிகளுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். இதை வட்டத்திலும் சொன்னேன். இத்தனை நாள் சொல்லாமல் இருந்த அந்த 'அடிக்ட்' என்ற சொல்லையும் சொன்னேன். கைதட்டினார்கள். எனக்குக் காது கேட்கவில்லை.

கிடங்குக்கு வரவில்லை என்று கூட்டாளிக்கு எழுதிவிட்டேன். வேன் வராது. வேறு என்ன வேலை என்று தெரியவில்லை. தெரியாமல் இருப்பது பயமாகத்தான் இருக்கிறது.

இருபதாம் தேதி எங்கே போவது என்பதை நான் சொல்வதற்கில்லை. அக்காதான் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டு. எந்த இடத்தையும் விடாதே.

உன் மாமா


நவம்பர் 8

தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். உடம்பைப் பார்த்துக்கோ. இவளை மாதிரி எனக்கு எழுத வராது. தப்பு இருந்தா திருத்தித் தர்றேன்னு பக்கத்துல வந்து உக்காந்தா. போய் அந்த ரூம்ல இருன்னு அனுப்பிட்டேன்.

முழுசாத்தான் வாசிச்சா. நாலுங்கிற இடத்துல நிறுத்திட்டா. அப்புறம் நான் வாங்கி, எழுத்துக் கூட்டி மீதியை நானே படிச்சேன். எனக்கு ரெண்டுன்னுதான் தெரியும். கூடவே இருந்தும் எனக்குத் தெரியலை பாரு.

அவளை அடிச்சிருப்பேன்னு எழுதியிருக்க. அடிச்சிருக்க முடியாது. நான் நடுவுல நின்னிருப்பேன்.

இங்க வந்தா தினமும் உன் பையையும் பெட்டியையும் பார்ப்பேன். இப்பவே சொல்லிட்டேன். இந்தத் தடவை நிஜமாவே கிளறுவேன். உனக்குக் கோவம் வந்தா வரட்டும்.

சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வச்சிருக்கேன். நீ இளைச்சிருப்ப, தொளதொளன்னு இருக்கும். அப்புறம் பிடிச்சுத் தைச்சுக்கலாம்.

இருபதாம் தேதி எனக்கு லீவு கிடையாது, ஆறு மணிக்குத்தான் வருவேன். நீ எனக்காகக் காத்திருந்து வர வேண்டாம். நாலு மணிக்கே வந்துடு. அந்த நேரத்துக்குத்தான் அவ தனியா இருக்கா. அந்தப் பூட்டு அவளுக்கு இன்னும் சரியாத் திறக்கலை.

அக்கா